லித்தியத்துக்கும் ரெகுலேட்டருக்கும் பொருத்தம் பார்த்த கதை

கோடை விடுமுறை வந்தால் நம் குடியிருப்புகளில் தவறாமல் கேட்கும் சத்தங்களில் ஒன்று பொம்மை ஹெலிகாப்டரின் 'விர்ர்ர்'. உள்ளங்கை அளவு, உள்ளே ஒற்றை லித்தியம் செல், யு.எஸ்.பி. ஒயரில் சார்ஜ். ஐந்து நிமிடம் பறக்கும், பிறகு திரைச்சீலையில் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ஆயுள். பையன் (பல வீடுகளில் பையனின் அப்பா!) இதில் ருசி கண்டு, நிஜ ஹெலிகாப்டர் மாதிரியே இயங்கும் பெரிய மாடலுக்குப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "மோட்டார் வாங்கியாச்சு, பாட்டரி வாங்கியாச்சு. இந்தச் சின்னப் பெட்டி எதுக்கு? வோல்டேஜ் ரெகுலேட்டராமே?"

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் வைத்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆனால் வீட்டு மின்சாரம் ஏறி இறங்கும், அதனால் ஸ்டெபிலைசர். பாட்டரி அப்படித் தாறுமாறாக ஆடாதே, அதற்கு எதற்கு ரெகுலேட்டர்? பதில் தேடிப் போனால் அரை நூற்றாண்டுக்கு மேலான கதை ஒன்று கிடைக்கிறது. 4.8 என்ற ஓர் எண்ணின் கதை என்றும் சொல்லலாம்.

ரேடியோ அலையால் மாடல் விமானத்தை ஓட்டும் ஆசை 1930களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் அந்தக் காலத்திலேயே ஓட்டிக் காட்டினார்கள். அப்போது எல்லாம் வால்வு. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பாட்டரி, அதை வேலை செய்ய வைக்க உயர் மின்னழுத்தத்துக்கு இன்னொரு பாட்டரி. அதைச் சுமப்பதற்காகவே விமானத்தைப் பெரிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1960களில், குச்சியை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவு மட்டும் அசையும் 'ப்ரொபோர்ஷனல்' ரேடியோக்கள் வந்தன. அவற்றோடு வந்ததுதான் சர்வோ: உள்ளே ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், ஒரு சர்க்யூட், வெளியே ஒரு கை. விமானத்தின் சுக்கானையும் இறக்கை மடல்களையும் அசைப்பது அந்தக் கைதான்.

இதற்கெல்லாம் மின்சாரம் கொடுத்தது நிக்கல் காட்மியம் செல். 1899-ல் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்த ரசாயனம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். நான்கை வரிசையாக இணைத்தால் 4.8. எடையும் அதிகமில்லை, வேலையும் நடக்கிறது. எல்லா சர்வோக்களும் இந்த எண்ணை மனதில் வைத்தே செய்யப்பட்டன. பின்னாளில் இன்னும் வேகமும் பலமும் வேண்டும் என்றவர்கள் ஐந்து செல் போட்டு 6 வோல்ட்டுக்குப் போனார்கள். ஆக 4.8 அல்லது 6. பொழுதுபோக்கு முழுக்க இந்த இரண்டு எண்களுக்குள் பல ஆண்டுகள் ஓடியது.

ஒரு சின்ன விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நிக்கல் செல் 1.2 என்பது சராசரிக் கணக்கு. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு அது 1.4 வோல்ட் காட்டும். அதாவது '6 வோல்ட்' பாக் முதல் சில நிமிடங்கள் உண்மையில் 7 வோல்ட். '6 வோல்ட்' சர்வோக்கள் அதைத் தாங்கித்தான் வந்தன.

சரி, ஹெலிகாப்டருக்கு வருவோம்.

ரேடியோ ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்க வைத்தவர் என்று எல்லோரும் சொல்லும் பெயர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். பலர் முயன்று கைவிட்ட வேலையை அவர் 1970-வாக்கில் சாதித்தார். அவருடைய ஹியூ கோப்ரா மாடல்தான் பலருக்கும் முதல் ஹெலிகாப்டர். அதில் எரிபொருள் எஞ்சின். பாட்டரி, ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மட்டும்.

விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விமானத்தில் எஞ்சின் நின்றாலும் இறக்கை இருக்கிறது, மிதந்து இறங்கலாம். ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால்? அப்போதும் வழி உண்டு. ரோட்டார் பட்டைகளின் சாய்வை உடனே குறைத்தால், கீழிறங்கும்போது எதிர்வரும் காற்றே ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்கு அருகில் சாய்வைக் கூட்டினால், அந்தச் சுழற்சியில் சேர்ந்த சக்தியை வைத்து மெதுவாக உட்கார வைக்கலாம். இதற்கு 'ஆட்டோரொட்டேஷன்' என்று பெயர். ஆனால் பட்டைகளின் சாய்வை மாற்றுவது யார்? சர்வோ. சர்வோவுக்கு மின்சாரம் போனால் ஆட்டோரொட்டேஷனும் போச்சு.

ஆகவே ஹெலிகாப்டர்காரர்களின் முதல் விதி இப்படி அமைந்தது: எஞ்சின் சாகலாம், சர்வோ சாகக் கூடாது.

நிக்கல் பாக் இந்த விதிக்குப் பொருத்தமான ஜோடி. பாட்டரி, ஒரு சுவிட்ச், ரிசீவர். நடுவில் தரகர் யாரும் கிடையாது. தரகர் இல்லாத இடத்தில் ஏமாற்றமும் குறைவு.

தரகர் எப்படி உள்ளே வந்தார்?

நம் வீடுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்த காலத்தில் 'பாட்டரி எலிமினேட்டர்' என்று ஒரு கறுப்புப் பெட்டி விற்கும், ஞாபகம் இருக்கிறதா? கட்டை செல் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் அதைப் பிளக்கில் செருகி ரேடியோ கேட்பார்கள். மாடல் உலகத்திலும் அதே பெயர்: பாட்டரி எலிமினேட்டர் சர்க்யூட், சுருக்கமாக பி.இ.சி. மின்மோட்டார் வைத்த சின்ன விமானங்களிலும் கார்களிலும் மோட்டாருக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று என்று இரண்டு பாட்டரி சுமப்பது வீண். மோட்டார் பாட்டரியிலிருந்தே கொஞ்சம் எடுத்து 5 வோல்ட்டாகக் குறைத்து சர்வோவுக்குக் கொடுத்தால் இரண்டாவது பாட்டரியை நீக்கிவிடலாம் அல்லவா? வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே இந்த சர்க்யூட்டை வைத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் 'லீனியர்' வகை. அதன் வேலை ரொம்ப எளிமை. அதிகப்படி வோல்ட்டைச் சூடாக எரித்துவிடும். ஏழு நிக்கல் செல், 8.4 வோல்ட். 5-க்குக் குறைக்க 3.4 வோல்ட்டை எரிக்க வேண்டும். 1 ஆம்பியர் ஓடினால் 3.4 வாட் சூடு. தாங்கலாம்.

இந்த நேரத்தில்தான் லித்தியம் வந்தது.

1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பாட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீடியோ கேமரா, பிறகு செல்போன், லேப்டாப். மெல்லிய பை வடிவத்தில் வந்த லித்தியம் பாலிமர் செல்களை 2000களின் தொடக்கத்தில் மாடல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே எடை நிக்கல் காட்மியத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு சக்தி! பறக்கும் பொருளுக்கு இதைவிட வேறென்ன வரம் வேண்டும்? மின்மோட்டார் ஹெலிகாப்டர் என்றால் நான்கு நிமிட வேடிக்கை என்றிருந்த நிலை மாறியது. தைவானின் அலைன் நிறுவனம் கொண்டுவந்த டி-ரெக்ஸ் 450, மூன்று செல் லித்தியத்தில் பறந்து உலகம் முழுக்கப் பரவியது. எரிபொருள் எஞ்சின் வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ரிசீவர் பாட்டரியையாவது லித்தியமாக மாற்றினால் எடை குறையுமே என்று பார்த்தார்கள்.

அங்கேதான் எண் இடித்தது. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2. ஒரு செல் போட்டால் 3.7, சர்வோவுக்குப் போதாது. இரண்டு போட்டால் 7.4, முழு சார்ஜில் 8.4. பழைய சர்வோ எரிந்துவிடும். ஒன்று போதாது, இரண்டு அதிகம். 4.8-க்கும் 6-க்கும் நடுவில் லித்தியத்துக்கு இடமே இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ரெகுலேட்டர். புது ஊரில் பாஷை தெரியாமல் நிற்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அவர் சரியாகச் சொன்னால் வேலை நடக்கும், தப்பாகச் சொன்னால் வம்பு.

அந்த வருடங்களில் கட்டாயம் பார்க்க வேண்டியிருந்த பொருத்தங்கள் மூன்று.

முதலாவது சூடு. மூன்று செல் பாக், முழு சார்ஜில் 12.6 வோல்ட். 5 வோல்ட்டாகக் குறைத்து 2 ஆம்பியர் எடுத்தால் லீனியர் ரெகுலேட்டர் எரிக்க வேண்டியது 15 வாட். ஆறு செல் பாக் என்றால் 25.2 வோல்ட், எரிப்பது 40 வாட். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதனால் பெரிய மின்மோட்டார் ஹெலிகாப்டர்களில் லீனியர் செல்லாது என்று ஆயிற்று. 'ஸ்விட்சிங்' வகை வந்தது. இது அதிகப்படியை எரிக்காது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, காயிலில் சேமித்து, குறைந்த வோல்ட்டாகக் கொடுக்கும். சூடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தத் திறந்து மூடும் இரைச்சல் அன்றைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்களுக்கு ஆகாது. ரிசீவரிலிருந்து தள்ளி வை, ஒயரை ஃபெரைட் வளையத்தில் சுற்று என்று அதற்கு வைத்தியங்கள் நடந்தன.

இரண்டாவது, அடிமட்டம். பழைய லீனியர் ரெகுலேட்டர் 6 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் உள்ளே வருவது அதைவிட ஒரு வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு செல் பாக் பாதி காலியாகி, சர்வோக்கள் இழுக்கும் நேரத்தில் 7-க்குக் கீழே போனால் ரெகுலேட்டரும் கூடவே இறங்கிவிடும். சார்ஜ் இன்னும் இருக்கிறதே என்று நினைத்துப் பறந்தால் மேலே போன பிறகு சர்வோ தளரும்.

மூன்றாவது, திடீர் இழுப்பு. விமானத்தின் சர்வோக்கள் நேராகப் பறக்கும்போது பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். ஹெலிகாப்டரில் ஓய்வே கிடையாது. ரோட்டாருக்கு அடியில் உள்ள சாய்தட்டை மூன்று சர்வோக்கள் சேர்ந்து ஏற்றி இறக்குகின்றன. வால் சர்வோவை கைரோ நொடிக்கு நொடி ஆட்டிக்கொண்டே இருக்கிறது. நான்கும் ஒரே கணத்தில் முழு பலத்தோடு இழுத்தால் 5 ஆம்பியரைத் தாண்டும். '3 ஆம்பியர் ரெகுலேட்டர்' என்று அட்டையில் போட்டிருப்பது சராசரிக்கா, உச்சத்துக்கா? காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதில் வால் சர்வோ ஒரு தனி ரகம். அந்தக் காலத்தில் ஹெலிகாப்டர்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த ஃபுட்டாபா எஸ்9254 சர்வோ 4.8 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. மற்ற மூன்றும் 6 வோல்ட் கேட்கும், இது மட்டும் 4.8 கேட்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் உப்பில்லாச் சமையல் மாதிரி! எனவே பெரிய ரெகுலேட்டருக்குப் பிறகு, கைரோவுக்கும் வால் சர்வோவுக்கும் நடுவே இன்னொரு குட்டி ரெகுலேட்டர். அது 5.1 வோல்ட்டுக்குக் குறைக்கும். ஒரு தரகர் போய் இரண்டு தரகர்.

2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்தன. ஸ்விட்சிங் இரைச்சல் பிரச்சினை ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால் புது ரிசீவர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பழைய ரிசீவரில் வோல்ட் ஒரு கணம் இறங்கினால் சர்வோ ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுத் தொடரும். புது ரிசீவரிலோ வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் 'ரீபூட்' ஆகும். நம் மேசைக் கம்ப்யூட்டர் ரீபூட் ஆனால் காபி குடித்துவிட்டு வரலாம். தலைகீழாகப் பறக்கும் ஹெலிகாப்டர் ரீபூட் ஆனால் ஒரு நொடி கூட அதிகம். "ரேடியோ கைவிட்டுவிட்டது" என்று பலரும் நினைத்த விபத்துகளில் உண்மையில் கைவிட்டது ரெகுலேட்டராக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பிறகு வந்த ரிசீவர்கள் சீக்கிரம் எழுந்துகொள்ளும்படி மாற்றப்பட்டன. 2010-ஐ ஒட்டி, ரோட்டாரின் நிலைப்பாட்டுக் கம்பியை எடுத்துவிட்டு அந்த வேலையை மின்னணுக் கருவியிடம் கொடுக்கும் 'ஃப்ளைபார்லெஸ்' முறை பரவியபோது சர்வோக்களின் வேலை இன்னும் கூடியது. ரெகுலேட்டரின் பாரமும்தான்.

இது வெறும் காசு நஷ்டத்தோடு போகும் விஷயமா? இல்லை. பெரிய ரக மாடல் ஹெலிகாப்டரின் ரோட்டார் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம். நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் ஒருவர் தான் ஓட்டிய மாடல் ஹெலிகாப்டர் தாக்கியே இறந்துபோனார். அதற்குக் காரணம் ரெகுலேட்டர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இயந்திரம் எப்படிப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ரெகுலேட்டர் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. உள்ளே சர்க்யூட் அறுந்தால் எல்லா சர்வோவும் அப்படியே நிற்கும். உள்ளே ஷார்ட் ஆனால் 8.4 வோல்ட் முழுவதும் 6 வோல்ட் சர்வோக்களில் பாயும். இரண்டிலும் ஓட்டுபவர் கையில் இருப்பது வெறும் பெட்டிதான்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார்.

தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, 1980களின் நடுவில் ஜான் குடினஃபுடன் ஆராய்ச்சியில் சேர்ந்தார். லித்தியம் பாட்டரியின் நேர்முனைக்கு கோபால்ட் ஆக்சைடு பயன்படும் என்று 1980-ல் காட்டியவர் குடினஃப். மந்திரமும் அவரும் சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகள் உள்ள இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார்கள். கூட்டு அயனியை மாற்றினால் செல்லின் வோல்ட்டும் மாறும் என்ற பாதை அங்கே திறந்தது. அந்தப் பாதையில் 1990களின் பிற்பகுதியில் குடினஃபின் டெக்சஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 2019-ல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்.

இதற்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன? இரும்பு பாஸ்பேட் செல்லின் வோல்ட் 3.7 இல்லை, சுமார் 3.3. இரண்டு செல் சேர்த்தால் 6.6. முழு சார்ஜில் 7.2, அதுவும் பறக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 6.6-க்கு இறங்கி, கடைசி வரை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். ஐந்து நிக்கல் செல் சூட்டோடு 7 வோல்ட் கொடுத்ததைத் தாங்கிய '6 வோல்ட்' சர்வோக்கள் பலவும் இதையும் தாங்கின. ஆக, ரெகுலேட்டரே வேண்டாம்! பாட்டரி, சுவிட்ச், ரிசீவர். ஷ்லூட்டர் காலத்து எளிமை திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஏ123 நிறுவனத்தின் இந்த வகை செல்கள் 2006-ல் டிவால்ட் 36 வோல்ட் டிரில் கருவிகளில் வந்தன. மாடல்காரர்கள் டிரில் பாட்டரி வாங்கி, உடைத்து, செல்லை எடுத்து ஹெலிகாப்டரில் வைத்தார்கள். ஏ123 2012-ல் திவாலானது, ஆனால் இரண்டு செல் 'லைஃப்' பாக் மாடல் கடைகளில் நிரந்தரச் சரக்காகிவிட்டது.

எண் இன்னொரு பக்கத்திலிருந்தும் உடைந்தது. 2010-ஐ ஒட்டி சர்வோ நிறுவனங்கள் 8.4 வோல்ட்டை நேராகத் தாங்கும் 'ஹெச்.வி.' சர்வோக்களைக் கொண்டுவந்தன. இரண்டு செல் லித்தியம் பாலிமரை நேராகச் செருகலாம். லித்தியத்தை 4.8-க்கு வளைக்க இத்தனை வருடம் பாடுபட்டவர்கள், கடைசியில் சர்வோவை லித்தியத்துக்கு ஏற்ப மாற்றினார்கள்.

ரெகுலேட்டர் ஒழிந்துவிடவில்லை. ஒரே பாட்டரியில் பறக்க நினைக்கும் மின்மோட்டார் ஹெலிகாப்டருக்கு இன்றும் அது தேவை. நல்ல ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள் 10 ஆம்பியருக்கு மேலும் தாராளமாகக் கொடுக்கின்றன. பக்கத்திலேயே ஒரு குட்டி உதவிப் பாட்டரி, ரெகுலேட்டர் தடுமாறினால் அது தாங்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடும் உண்டு.

பிள்ளை பெரிய மாடல் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டியது சில எண்கள்தான். சர்வோ அட்டையில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, வால் சர்வோவுக்கும் அதேதானா? பாட்டரி முழு சார்ஜில் எத்தனை, கடைசியில் எத்தனை? ரெகுலேட்டர் இருந்தால் அதன் ஆம்பியர் சராசரியா உச்சமா? சார்ஜரில் பாலிமர், இரும்பு பாஸ்பேட் என்ற தேர்வு சரியாக இருக்கிறதா (ஒன்றுக்கு செல்லுக்கு 4.2 வரை, மற்றதற்கு 3.6 வரைதான்)? இந்த நான்கும் ஒத்துப்போனால் மீதிப் பொருத்தத்தைப் பையனே பார்த்துக்கொள்வான்.

அறுபது வருடத்துக்கு முன் நான்கு நிக்கல் செல்லை வரிசையாக வைத்தபோது, அந்த 4.8 இத்தனை பேரை இத்தனை காலம் ஆட்டிவைக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வழக்கம் என்று ஒன்று உருவாகிவிட்டால் அதை மாற்றுவதைவிட நடுவில் ஒரு பெட்டி வைப்பது எப்போதும் சுலபம். ஆனால் வானத்தில் இருக்கும்போது, அந்தப் பெட்டியை நம்பித்தான் எல்லாம்.